இறங்கிய ஐந்து கைகள்

வல்வெட்டித்துறை,
10.02.1979.

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மாளாச்சி காவலில் நானும் சின்னவனும் நல்ல சுகம். அவனுடைய இருமல் நின்றுவிட்டது. எனக்குத்தான் நேற்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

பத்தாம் வகுப்புக்குப் புதிய அரசியலமைப்பைப் படிப்பிக்கிறேன் அல்லவா? புத்தகத்தை வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் வகுப்புக்கே ஓர் அரசியலமைப்பு எழுதவைத்தேன். கரையில் வேலைசெய்துவிட்டு வருகிற பிள்ளைகள் இரண்டாம் மணி அடிக்கும்வரை பிந்தலாம் என்பது அதில் ஓர் உரிமை. நேற்று அதை நீக்கத் திருத்தம் கொண்டுவந்தார்கள்! முப்பத்தாறு பேரில் இருபத்துநாலு கை. திருத்தம் நிறைவேறத் தேவையான மூன்றில் இரண்டு, சரியாக. எனக்குத் திக்கென்றது. ரீச்சர் குறுக்கே பேசக்கூடாது என்று விதி எழுதவிட்டதும் நானேதான்.

அப்போது இராசாத்தி எழும்பினாள். தகப்பனின் வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைத் தரம்பிரித்துத் தெரிந்து கொடுத்துவிட்டு வருகிறவள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. “நான் நித்திரை கொண்டோ பிந்தி வாறன்? உங்கடை வீட்டுக் கறிக்கு மீன் தெரிஞ்சுபோட்டு வாறன். கை தூக்கிறவை என்ரை முகத்தைப் பாத்துத் தூக்குங்கோ” என்றாள். ஐந்து கைகள் இறங்கின, அத்தான்! திருத்தம் தோற்றுப்போனது. நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். அதிபர் நமசிவாயம் வந்து எட்டிப்பார்த்து முறைத்தார். முறைக்கட்டும்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். சிங்களப் பரீட்சையிலும் சித்தியடைந்து அரசாங்கக் கந்தோரில் பதினொரு வருடம் உழைத்த உங்களை விட்டுவிட்டு, உங்களிடம் வேலை பழகிய சிங்களவருக்குப் பதவி உயர்வு. நீங்களோ, “விடும் மீனா, கரைச்சல் வேண்டாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பயமும் இல்லாமல் இல்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு நீங்கள் காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கியதை நான் மறக்கவில்லை.

ஆனாலும் கேளுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம் என்று அந்த அரசியலமைப்பிலேயே இருக்கிறது. உங்களுக்கு உயர்வு இல்லை என்ற கந்தோர்க் கடிதம் உங்கள் கைக்கு வந்தது ஜனவரி இருபதில். இன்னும் பத்தே நாள். இந்தக் கடிதம் கிடைத்த உடனேயே, உயர் நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து செபநாயகத்தைப் போய்ப் பாருங்கள்.

அடுத்து நான் படிப்பிக்கவேண்டியது அந்தப் பகுதியைத்தான். எங்கடை ஆக்கள் ஆராவது அப்படி மனுக் குடுத்திருக்கினமோ என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். ஓம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது, அத்தான்.

மனுவில் கையொப்பம் வைக்கிறபோது அம்மாளாச்சி உங்கள் பக்கத்தில் நிற்பாள்.

உங்கள்
மீனாம்பிகை