ஊதாவாகிப் போன சோளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? போனில் சொன்னால் இடையிலேயே அழுதுவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

படித்தவள் குப்பை கிளறுகிறாளே என்று வருந்துகிறீர்கள். ரொறன்ரோ வீடுகளின் சமையல் கழிவில் செய்த உரத்தை மட்டும் போட்டு, இந்தக் குளிரில் மாட்டுத் தீவனச் சோளம் வளர்க்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஜூனில் மண் குளிர்ந்து கிடந்ததால் பயிர் சத்தை உறிஞ்ச முடியாமல் ஊதா நிறமாகிவிட்டது. பண்ணையைப் பார்க்கும் கிளிபோட் அண்ணை, அதை அழித்துவிட்டு வேறு விதைக்க உழவு மெசினோடு வந்தார். நான் முன்னால் போய் நின்றேன். பயப்படாதீர்கள், மெசின் மெதுவாகத்தான் வந்தது.

"தள்ளு பிள்ளை, உது செத்த பயிர்."

"சாகேல்லை அண்ணை. மண் சூடேற எழும்பும். நான் விலகமாட்டன்."

"எழும்பாட்டி உனக்கு இஞ்ச வேலையில்லை."

"ஓம், சம்மதம்."

ஜூலை வெயிலில் பயிர் பச்சையாகி என் தலைக்கு மேல் போனது. போன கிழமை, உறைபனி விழுவதற்கு முன், அதை வெட்டி, மாடுகளின் குளிர்காலத் தீவனத்துக்காகப் பிளாஸ்ரிக்கால் மூடிப் புளிக்க வைத்தோம். அடுத்த வருடம் முழு வயலும் என் பொறுப்பு என்று கிளிபோட் அண்ணை சொல்லிவிட்டார். ஆகவே திரும்பி வந்து வங்கி வேலையில் சேரச் சொல்லாதீர்கள். வரமாட்டேன்.

கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மா கொஞ்சம் அனுப்புங்கள். நீங்கள் செபமாலை சொல்வதைப் போனில் பதிந்தும் அனுப்புங்கள். உங்கள் பகுதியை மட்டும் சொல்லி இடைவெளி விடுங்கள். மறுபாதியை இங்கே மோர்னிங்சைட்டில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து சொல்கிறேன்.

பண்ணைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
செறீனா