தொடையில் வைத்த பொட்டு

அன்ரி, இன்று காலை வார்டுக்குள் நுழைந்ததும் ஓடிக்கொலோன் மணத்தது. சன்னலோரக் கட்டிலில் கிடப்பவரின் மகள் லேஞ்சித் துணியில் அந்த வாசனைத் தண்ணீரை ஊற்றித் தகப்பனின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் நினைவு வந்தது, கூடவே சிரிப்பும். பிறகு நான் செய்த காரியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நியூமோனியா முற்றி, சுவாசக் கருவியோடுதான் எங்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தீர்கள். நான் புதிதாகச் சேர்ந்த பிசியோ, தசைப் பயிற்சி கொடுப்பவள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். ஆனால் பெரிய டொக்டர் சுற்றி வரும் நேரத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். உங்கள் கால்கள் நீர் கோத்து வீங்கியிருந்ததால், பார்த்தவர்கள் "ஆள் மெலியேல்லை" என்றார்கள். ஸ்கான் கருவியைக் கட்டிலடிக்கு உருட்டிவந்து தொடையில் வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. எலும்பின் வெள்ளைக் கோட்டுக்கு மேலே தசையின் கரும்பட்டை கிழமைக்குக் கிழமை ஒடுங்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் உங்கள் உணவில் புரதத்தைக் கூட்டினார்கள். நானும் பயிற்சியை மாற்றினேன்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். அதற்காக உங்கள் வலது தொடையில், மச்சத்துக்குச் சற்றுக் கீழே, பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். தொண்டைக் குழாயை எடுத்தபிறகு நீங்கள் கதைத்த முதல் கதையே அதைப் பற்றித்தான்.

"நான் வேதக்காரியடி, சேர்ச்சுக்குப் போறவள். நெத்தியில ஒருநாளும் பொட்டு வைச்சதில்லை. நீ தொடையில வைச்சுப்போட்டாய்!"

ஜெல்லை அள்ளிப் பூசிக் கருவியை மெல்ல வைப்பேன். "பயந்த கையடி உனக்கு" என்பீர்கள். "அமத்தினா அளவு பிழைச்சிடும் அன்ரி." "அப்ப பயந்தே இரு."

உங்களுக்கு இருந்த பயம் வேறு. மகன் கொழும்பிலிருந்து வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உங்கட வீடு மேல்மாடி, அம்மா. கைபிடிக்காமக் கதிரையால எழும்பிக் காட்டுங்கோ, ஓர்ஸ் ஹில் வீட்டிலயே விடுறன். ஏலாட்டி என்னோட கொழும்புக்கு." அவர் போனதும் என் கையைப் பிடித்தீர்கள். "அங்க சன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவர், பிள்ளை. என்ர சன்னலில துறைமுகம் முழுக்கக் கிடக்கு."

ஒரு காலை, தசை நன்றாகத் தடித்துவிட்டதாக டியூட்டி டொக்டர் அளந்து பெரிய டொக்டரிடம் அறிவித்தார். எல்லோருக்கும் சந்தோசம். "அப்ப இண்டைக்கே எழும்பிப் பாப்பம்" என்று மகன் கதிரையை இழுத்தார். திரைச்சீலையடியில் நின்ற எனக்கு உங்கள் காலிலிருந்து ஓடிக்கொலோன் மணத்தது. எட்டிப் பார்த்தேன். புள்ளி மச்சத்துக்கு மேலே ஏறியிருந்தது! முந்தினநாள் உங்களைப் பார்க்க வந்த மச்சாள் அதை ஊத்தை என்று ஓடிக்கொலோனால் தேய்த்து அழித்துவிட, யாரோ குத்துமதிப்பாகப் புதிதாக வைத்திருக்கிறார்கள். மேலே போகப்போகத் தொடைத் தசை தடிப்புத்தானே. அன்றைக்கு எழும்பியிருந்தால் விழுந்திருப்பீர்கள். மறுநாளே கொழும்பு.

நான் திரைச்சீலைக்குள் ஒதுங்கப்போனேன். நீங்கள்தான் என் முகத்தைக் கண்டீர்கள். "என்னடி முழிக்கிறாய்? வாயைத் திறந்து கதை!"

"சேர்... அது பழைய இடமில்லை."

பெரிய டொக்டர் திரும்பவும் அளக்கச் சொன்னார். பழைய இடத்தில் தசை கூடியிருக்கவில்லை, குறையவும் இல்லை. நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள்.

"குறையேல்லைத்தானே? கதிரையைக் கொண்டுபோங்கோ. நான் இன்னும் கொஞ்சம் முட்டை திண்டுபோட்டு வாறன்."

பின்னேரம் வந்த மச்சாளுக்குத்தான் உங்களிடம் ஏச்சுக் கிடைத்தது. "ஊத்தையெண்டுதான் தேய்ச்சனான்" என்றார் அவர். "இத்தனை வருசமா என்ர வீட்டு ஊத்தை ஒண்டும் உன்ர கண்ணில படேல்லை. இது மட்டும் பட்டதோ?"

அதன்பிறகு வார்டில் யார் அந்தப் பக்கம் கை கொண்டுபோனாலும் சத்தம்போட்டுப் பொட்டைக் காத்தீர்கள். முட்டையும் பயிற்சியும் ஒருநாளும் தவறவில்லை. கரும்பட்டை, அதே புள்ளியில், மெல்லத் தடித்தது. பிறகுதான் கதிரையை நானே கொண்டுவந்தேன். முதல்தரம் பாதி எழும்பித் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டீர்கள். மகன் வாய் திறக்கப்போனார். "பொறடா" என்று கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பினீர்கள். நேராக நின்றீர்கள். மகன் உங்கள் சாமான் பையை ஓர்ஸ் ஹில்லுக்கெனத் தூக்கினார்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தச் சன்னல் உங்களுடையதாகவே இருந்தது. நான் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேற்றைத் திறக்க நீங்களே படியிறங்கி வருவீர்கள், எனக்குக் காட்டத்தான். போன மாதம் மகன் தொலைபேசியில் அழுதபடி சொன்னார்: "அம்மா போயிட்டா, மிஸ். கடைசி நாள் வரைக்கும் தானாத்தான் படி ஏறி இறங்கினவ."

இன்று காலை அந்த மகளின் லேஞ்சி, தகப்பனின் தொடையில் நான் வைத்த புள்ளிப் பக்கம் போனதும், "அந்தப் பொட்டில கை வைக்காதேங்கோ!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பியது. பெரிய டொக்டர் நடந்த நடையில் நின்றுவிட்டார். நான் திரைச்சீலையைத் தேடவில்லை.

"பொட்டோ? என்ன பொட்டு, மிஸ்?" என்றாள் அவள்.

கதிரையை இழுத்துப்போட்டு, உங்கள் கதையை முதலிலிருந்து சொன்னேன். பிறகு ஜெல்லைப் பூசி அவளுடைய தகப்பனை அளந்தேன். என் குரல் மாறிவிட்டது, அன்ரி. கை மட்டும் நீங்கள் சொன்னபடி பயந்தேதான் இருக்கிறது.