லாரமி டன் பெயரில் ஒரு பீர்

சாலிடா, கொலராடோ
ஏப்ரல் 6, 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

எம்மெட் எழுதுகிறேன். தொலைபேசியில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். ஏழு வருடம் படப்பிடிப்பில் காதருகே துப்பாக்கி வெடித்து உங்கள் காது மந்தமானதற்கு நான் என்ன செய்ய? அதனால் கடிதம்.

கடை நன்றாக நடக்கிறது. நான் காய்ச்சும் பீருக்காக டென்வரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். இப்போது புதிதாக ஒன்று காய்ச்சியிருக்கிறேன். துரு நிறம், விறகுப் புகையில் வாட்டிய பார்லி. முதல் மடக்கு கசக்கும். பிறகு திறந்தவெளியில் மூட்டிய தீயின் வாசனை மெல்ல வரும். டெலிவிஷனில் நீங்கள் நடித்த கௌபாய் 'லாரமி டன்' பெயரையே இதற்கு வைக்கப்போகிறேன். பாட்டிலில் உங்கள் படம். வெள்ளைத் தொப்பி, சிவப்புக் கழுத்துத் துணி, சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகள் டெலிவிஷன் முன் காத்துக் கிடந்த அதே முகம்.

நேற்று ஒரு லாரிக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏய், இது நம்ம லாரமி டன்னு இல்ல? எங்கம்மா சொல்லிக் குடிக்காத பால, இந்த ஆளு சொல்லித்தான்யா குடிச்சேன்!" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூலை நான்காம் தேதி முதல் பீப்பாய் திறக்கிறோம். தொப்பியோடு வாருங்கள். நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்களுக்கு ஒரு தம்ளர் பால் எடுத்து வைக்கிறேன். உங்களுக்கு நான் திருப்பித் தரவேண்டியது ஒன்று இருக்கிறது. அது இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகன்,
எம்மெட்

*

கனாப், யூட்டா
ஏப்ரல் 17, 1998

அன்பு எம்மெட்,

கடிதம் வந்தது. முழங்கால் இரண்டும் சண்டை போட்டுக்கொள்கின்றன. தக்காளிச் செடியைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. மற்றபடி சுகம்.

எழுபத்து நாலு வயதுக் கிழவன் முகத்தைப் பாட்டிலில் ஒட்டினால் பீர் புளித்துப்போகும். என்னோடு நடித்த குதிரை பெப்பரின் படத்தைப் போடு. என்னைவிட அழகு, நடிக்கவும் தெரிந்திருந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எம்மெட். அந்தப் பெயர் வேண்டாம்.

நீ எனக்குத் தரவேண்டியது எதுவும் இல்லை.

அப்பா

*

சாலிடா
மே 11, 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

படம் அச்சாகி வந்துவிட்டது. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஏன் வேண்டாம் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? என்னோடு பிறந்த ஜூனி இறந்த அந்த வருடம் தொப்பியைப் பெட்டிக்குள் வைத்தீர்கள். நிகழ்ச்சியும் அதோடு நின்றது. பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரையும் சொல்லவில்லை, லாரமி டன் பெயரையும் சொல்லவில்லை. இப்போது அம்மாவும் இல்லை. மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர். அந்தத் தொப்பியை உங்கள் தலையில் இன்னொரு முறை பார்த்தால் போதும் எனக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எம்மெட்

*

கனாப்
மே 28, 1998

அன்பு எம்மெட்,

நாலு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

1961 ஆகஸ்டில் ராக்கி ஃபோர்டு திருவிழாவிலிருந்து திரும்பும் வழியில் டயர் வெடித்துத்தான் கார் வாய்க்காலில் விழுந்தது என்றுதானே உனக்குச் சொன்னோம். டயர் வெடிக்கவில்லை. நான் குடித்திருந்தேன்.

ஊர்வலம் முடிந்ததும் கூடாரத்துக்குப் பின்னால் அப்பாக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எம் பையன் உங்க மேல உசுரையே வெச்சிருக்கான் லாரமி. எங்கையால ஒண்ணு குடிங்க" என்றான் ஒருவன். பிறகு இன்னொருவன். எத்தனை குடித்தேன் என்று நினைவில்லை. புதினா மிட்டாயை மென்றுகொண்டு காரில் ஏறினேன். முன்னிருக்கையில் ஜூனி. பின்னால் நீ.

"ஏம்ப்பா கண்ணு இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்டாள்.

"ஊர்வலப் புழுதிடா கண்ணு" என்றேன்.

அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தப் பொய்தான். வாய்க்காலிலிருந்து உன்னை இழுத்துக் கரையில் போட்டேன். திரும்ப இறங்கியபோது அவள் பக்கத்துக் கதவு சேற்றில் புதைந்திருந்தது.

நிகழ்ச்சி நடத்தியவர்கள்தான் டயர் கதையைப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். "புள்ளைங்க மனசு ஒடஞ்சு போயிரும், ஹார்லன்" என்றார்கள். நான் தலையாட்டினேன். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தொடாமல் இருந்து என்ன?

அந்த முகத்தை பீர் பாட்டிலில் ஒட்டாதே, எம்மெட். கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா

*

சாலிடா
ஜூன் 9, 1998

அப்பா,

மூன்று முறை படித்தேன்.

எனக்கு நினைவில் இருப்பது டயர் இல்லை. பின்னாலிருந்து உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, ஒண்ணுக்கு வருதுப்பா, நிறுத்துங்கப்பா" என்று கத்தினேன். நீங்கள் திரும்பினீர்கள். அடுத்த நொடி தண்ணீர்.

ஜூனியைக் கொன்றது நான் என்றுதான் இந்த முப்பத்தேழு வருடமும் நினைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் நீங்களும் அம்மாவும் டயர் கதையைக் கட்டினீர்கள் என்று நம்பினேன். உங்களை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தொப்பி பெட்டிக்குள் போனதும், அதன் பிறகு நீங்கள் என்னை ஒருநாளும் கட்டி அணைக்காததும் என்னால்தான் என்று நினைத்தேன். நான் பறித்த லாரமி டன்னை உங்களுக்குத் திருப்பித் தரத்தான் அந்த பீர்.

குடித்ததை மன்னித்துவிடுவேன். குடிப்பவர்களோடுதான் என் பிழைப்பே. ஆனால் பதினாலு வயதில் நான் ஆற்றுப் பாலத்துக் கைப்பிடியில் ஏறி நின்றபோது நீங்கள்தானே வந்து இறக்கினீர்கள்? வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது அப்பா. இப்போது சொன்னீர்களே, அதுவும் எனக்காக இல்லை. தொப்பி போட்ட அந்த ஆளின் முகத்துக்காக.

பீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். படங்களைக் கொளுத்திவிட்டேன். நான்காம் தேதி வராதீர்கள். இனி எழுதவும் வேண்டாம்.

எம்மெட் ஸ்ட்ரவுட்

*

கனாப்
ஆகஸ்ட் 3, 1998

என் எம்மெட்,

ஜூனில் அனுப்பியதும் ஜூலையில் அனுப்பியதும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. அவற்றில் எழுதியதையே மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

நீ இழுத்ததும் நான் திரும்பியதும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே நான் கண்ணயர்ந்துவிட்டேன். கார் சாலையை விட்டு இறங்கி வாய்க்கால் பாலத்தின் கல்தூணைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. உன் குரல் கேட்டுத்தான் விழித்தேன். விழித்ததால்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். தூணில் மோதாமல் தண்ணீரில் விழுந்தோம். நீ கத்தாமல் இருந்திருந்தால் மூன்று பேரும் அங்கேயே போயிருப்போம். நீ யாரையும் கொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாய். அதை உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டே இத்தனை வருடம் போனது. நீ அதைத் தலைகீழாகச் சுமந்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. பாலத்தில் உன்னைப் பார்த்த அன்றைக்காவது கேட்டிருக்க வேண்டும்.

டென்வர் பத்திரிகை ஒன்றுக்கு எல்லாவற்றையும் என் பெயர் போட்டு எழுதி அனுப்பினேன். போன ஞாயிறு வந்துவிட்டது. அந்த ஆளின் முகம் இனிமேல் யாருக்கும் வேண்டியிருக்காது. நீ பார்த்தாயோ என்னவோ.

திரும்பி வந்த இரண்டு உறைகளும் மேசைமேல் இருக்கின்றன. குறுக்கே 'அனுப்பியவருக்கே' என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா மாதிரியே பேனாவை அழுத்துகிறாய். உறையின் மறுபக்கம் தடவினால் எழுத்து விரலுக்குத் தெரிகிறது.

இதையும் நீ பிரிக்கப்போவதில்லை. பரவாயில்லை. ஆனால் தபால்காரரிடம் வாயால் சொல்லி அனுப்பிவிடாதே. உன் கையாலேயே எழுதித் திருப்பி அனுப்பு.

அப்பா