மதனுக்கு மட்டும் ஸ்டார்

சங்ககிரி,
புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு ஜெசிந்தா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

அப்பா, இன்று நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்! என் மூன்றாம் வகுப்பில் பல் சுத்தமாக இருந்தால் வாராவாரம் ஸ்டார் ஒட்டுவேன். எப்போதும் மதனுக்கு மட்டும்தான் கிடைக்கும். மற்றவர்கள் பல்லெல்லாம் பழுப்புக் கறை. ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று திட்டிக்கொண்டே இருந்தேன். இன்று கவிநிலா அழுதுவிட்டாள்.

"தெனமும் ரெண்டு நேரம் வெளக்குறனுங்க டீச்சர். செங்கப்பொடி போட்டுக்கூடத் தேச்சனுங்க. போகவே மாட்டீங்குது."

செங்கல் பொடி போட்டுத் தேய்த்து ஈறெல்லாம் புண். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மதன் இந்த ஜூனில்தான் குமாரபாளையத்திலிருந்து வந்தான், காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். மற்றவர்கள் குடிப்பது பிறந்ததிலிருந்து இந்த ஊர் போர்வெல் தண்ணீர்! உடனே பிள்ளைகளின் பல்லைப் போட்டோ எடுத்து, சந்தேகத்தையும் எழுதி, இந்த ஊர் பல் டாக்டருக்கு அனுப்பினேன்.

"கரெக்டாப் புடிச்சிட்டீங்க டீச்சர். தண்ணில ஃப்ளோரைடு அதிகம். தேச்சாப் போகாதுங்க, தண்ணியத்தான் மாத்தோணும்" என்றார்.

ஸ்டார் அட்டையைக் கிழித்துவிட்டு, கவிநிலாவிடம் வகுப்பின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் இந்த ஊர்த் தண்ணீர் பரிசோதனைக்குப் போகிறது.

ஒப்பிட்டுக் காட்ட நம் அம்பாசமுத்திரம் வீட்டுத் தண்ணீர் இரண்டு பாட்டில் அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
ஜெசி

பரிசோதனைக்கு ஒரு பாட்டில் போதும் அப்பா. இன்னொன்று நான் குடிக்க.