கத்தியை இடுப்பில் கட்டிய நாள்

1975 மாசி, ஞாயிறு.

போன வாரம் வில்கமுவக் காட்டில் கத்தி பையின் அடியில், சோற்றுப் பார்சலுக்குக் கீழே கிடந்தது. எடுப்பதற்குள் சுட்ட காட்டுக்கோழி செத்துவிட்டது. அறுக்காமல் செத்ததைத் தின்ன முடியாதே, விட்டுவிட்டு வந்தோம். அதனால் இன்று கத்தியை இடுப்பில் உடுத்திய சாரத்தின் பெல்ட்டிலேயே கட்டிக்கொண்டேன்.

கூட வந்த மச்சானின் துவக்கு வெடித்ததும் ஓடினேன். துடித்த கோழியைப் பிடித்துக் கத்தியை இழுத்தேன். பெல்ட்டும் கூடவே கழன்றது. சாரம் காலடியில் விழுந்தது. கோழியை விட மனமில்லை. உள்ளே போட்டிருந்த கிழிந்த களிசானோடு நின்று பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தேன்.

"கோழி ஹலால்தான் மச்சான். ஒங்களைத்தான் பாக்க ஏலாது," என்று சிரித்தார் மச்சான்.

வீட்டில் சாப்பிடும்போதும் அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

"ஏன் நானா சிரிக்கிறீங்க?" என்று மனைவி தன் அண்ணனைக் கேட்டாள்.

கோழியின் இரண்டு தொடையையும் அவசரமாக அவர் தட்டில் வைத்தேன். வாய் நிறைந்திருக்கும் வரை பயமில்லை. நாளைக்கு வெறும் வாயோடு உக்குவளைக் கடைத்தெருவுக்குப் போவாரே.