குரங்கு ஏறாத கூரை

11-5-1959, திங்கள்

விராலிமலைக் குரங்குகள் ஓடுகளைப் பிரித்துப் போடுகிற தொல்லை தாங்காமல், கட்டுகிற வீட்டுக்குத் தகரம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இன்று அக்கினி நட்சத்திர வெயிலில், மைத்துனனின் தகரக் கூரை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வேர்வை இலையிலேயே சொட்டியது. அவனோ, "பாத்தீங்களா மச்சான், ஒரு குரங்கு ஏறுதா?" என்று பெருமையடித்தான்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி, "குரங்கே கால் வைக்க முடியாத சூட்டுல நாம எப்படிங்க குடியிருக்கிறது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, தகரத்துக்கு இன்னும் சொல்லியனுப்பவில்லை.

வீடு திரும்பியதும், ஓடே போட்டுவிடலாம் என்றேன். மனசு லேசாகிவிட்டது. ஆனாலும் குரங்கு வந்தால் என்ன செய்வது என்று விடாமல் கேட்டேன்.

விளக்கைத் தணித்துக்கொண்டே சொன்னாள்: "வரட்டுங்க. இருக்க முடியுற எடத்துக்குத்தானே அதுவும் வரும்."