சிவப்புக் கோடு

என் அன்புப் பிடிவாதக்காரனுக்கு,

கிட்டாக வந்த பாகங்களை வாங்கி நீ கராஜில் பொருத்திய விமானத்தை நான் குறை சொல்லவில்லை. நிதானமாகப் போனால் அழகாகத்தான் பறக்கிறது. வேகமானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டாதே என்றுதான் எத்தனையோ தடவை கெஞ்சினேன். "அது கிட் வித்தவன் பயந்து போட்ட கோடுடி. பக்கத்து வீட்டு ஆர்லோ அவன் விமானத்துல என்னை முந்திட்டுப் போறதப் பாத்துட்டு இருக்கணுமா?" என்றாய்.

சனிக்கிழமை வின்னபேகோ ஏரிக்கு மேலே அந்தக் கோட்டைத் தாண்டினாய். வால் படபடவென்று உதறியது. வேகத்தைக் குறைத்து எப்படியோ இறக்கினாய். இறங்கியதும் ஆர்லோவிடம், "இன்னைக்கு உன்னை முந்திட்டேன்ல" என்று சிரித்தாய். பக்கத்து இருக்கையில் நான் பெல்ட்டை அவிழ்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறன்று நம் மகள் கிரெட்டாவை ஏற்றிக்கொண்டு போகிறாயாம். முடியாது. புரொப்பெல்லரைக் கழற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதலில் மெக்கானிக் வாலைப் பார்க்கட்டும். பிறகு அவளுக்கு முன்னால் நானே உன்னோடு ஏறுகிறேன். கோட்டை மட்டும் தாண்டாதே, அவளுக்கு அப்பா வேண்டும்.

கோபம் ஆறாத
உன் மனைவி